பொறுத்தலும் பொறுப்பும்: நிறும இயக்குநர்களின் முடிவுகள் குறித்த ஓர் அறவியல் ஆய்வு

முன்னுரை

ஒருவர் எடுத்த முடிவின் நன்மை தீமைகளை அம்முடிவு எடுக்கப்பட்ட முறையைக் கொண்டு அளப்பதா, அதனால் நேர்ந்த விளைவைக் கொண்டு அளப்பதா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. தமிழ் அறமரபும் இவ்வினாவை அறிந்ததே. பரிமேலழகர் உரைவழி நாம் பெறும் வைப்புமுறையில் திருக்குறளின் அறத்துப்பால் ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடிகிறது. அதனை அடுத்து வரும் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஆராய்ந்து செயற்படுதல் பல அதிகாரங்களில் வற்புறுத்தப்படுகிறது. விளைவு மனிதன் கையில் முழுமையாக இல்லை என்று ஒப்பிய பின்னரும், ஆராய்தல் அவன் கையில் உள்ளது என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும் கருத்து எனலாம்.

இவ்வினா இன்று மிகக் கூர்மையாக எழும் களம் ஒன்று இலக்கியத்திற்குப் புறத்தே உள்ளது. அது நிறுமச் சட்டம். பல்லாயிரவர் பணத்தைத் தம் பொறுப்பில் கொண்ட இயக்குநர்கள் தவறான முடிவெடுத்து இழப்பை விளைவித்தால், அவ்விழப்பை அவர்கள் ஈடுசெய்ய வேண்டுமா? அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அமெரிக்க நீதிமன்றங்கள், குறிப்பாக டெலவேர் மாநில நீதிமன்றங்கள், இவ்வினாவிற்கு நெடுங்காலமாக விடை தேடி வந்துள்ளன. ஃபார்ச்சூன் 500 பட்டியலில் இடம்பெறும் பெருநிறுமங்களுள் சரிபாதிக்கு மேற்பட்டவை அச்சிறு மாநிலத்தில் பதிவு பெற்றவை ஆதலின், அங்கு எழும் தீர்ப்புகள் உலக வணிகத்தின் ஒழுக்க அளவுகோலாகவே கருதப்படுகின்றன.

இயக்குநர்களின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் சட்ட விதி எந்த அற அடிப்படையில் நிற்கிறது, அவ்வடிப்படை எவ்விடத்தில் தளர்கிறது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாய் பேசா ஆள்

நிறுமம் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள். சாலமன் வழக்கில் 1897 ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற இங்கிலாந்துப் பிரபுக்கள் அவையின் தீர்ப்பு, நிறுமம் வேறு, அதன் பங்குகளை உடையவர் வேறு என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. நிறுமத்திற்குச் சொத்து உண்டு, கடன் உண்டு, வழக்குத் தொடுக்கும் உரிமையும் உண்டு. ஆனால் அதற்கு வாய் இல்லை. இயக்குநர்களே அதன் வாயாக இருந்து பேசுகின்றனர். அவ்வியக்குநர்களே அதற்குத் தீங்கிழைத்தால் அதன் சார்பில் பேசுவோர் யார் என்பது இயல்பாக எழும் வினாவாகும்.

இவ்வினா சாலமன் வழக்கிற்கு அரை நூற்றாண்டு முன்னரே எழுந்துவிட்டது. மான்செஸ்டர் நகரின் விக்டோரியா பூங்கா நிறுமத்தின் இயக்குநர்கள் தமக்குரிய நிலங்களை உயர்ந்த விலைக்கு நிறுமத்திற்கே விற்றனர் எனப் பங்குதாரர் இருவர் முறையிட்டனர். ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் என வழங்கும் இவ்வழக்கில் 1843 இல் வந்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. தீங்கு நேர்ந்தது நிறுமத்திற்கு. ஆகவே வழக்குத் தொடுக்க வேண்டியதும் நிறுமமே என்றது நீதிமன்றம். தர்க்க முறையில் இது பிழையற்ற வாதம். ஆனால் தீங்கிழைத்தவரே நிறுமத்தை ஆளுமிடத்து இவ்வாதம், களவு கொடுத்தவனைக் களவாண்டவனிடமே முறையிடச் சொல்வதாக முடியும். இதனை உணர்ந்த பிற்கால நீதிமன்றங்கள் விதிக்கு விலக்குகளை வகுத்தன. அமெரிக்காவில் 1856 ஆம் ஆண்டின் டாட்ஜ் எதிர் உல்சி வழக்கிலேயே, இயக்குநர்கள் செய்ய மறுத்ததைப் பங்குதாரர் நிறுமத்தின் பொருட்டுச் செய்யலாம் என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இவ்வகை வழக்கு டெரிவேட்டிவ் வழக்கு எனப்படும். நிறுமத்தின் உரிமையிலிருந்து பெறப்பட்ட உரிமையைக் கொண்டு தொடுக்கப்படுவதால் இதனைத் தமிழில் சார்புரிமை வழக்கு எனலாம். இதன் அறச்சிறப்பு, வெற்றியால் வரும் பொருள் வழக்காடியவருக்கு உரியதன்று என்பதில் உள்ளது. ஓர் இலட்சம் பங்குகள் உள்ள நிறுமத்தில் நூறு பங்குகளை உடைய ஒருவர் வழக்காடிப் பத்து இலட்சம் டாலரை மீட்டார் எனக் கொள்வோம். அத்தொகை முழுவதும் நிறுமத்தைச் சேரும். அவர் பங்கிற்கு ஏற்படும் மதிப்பு உயர்வு ஆயிரம் டாலர் அளவினதே. பிறர்க்காகப் பேசுதல் என்பது இவ்வழக்கின் அமைப்பிலேயே உள்ளது.

எனினும் இதனை முற்றிலும் தன்னலமற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. வழக்கறிஞர் பெறும் கட்டணம், நிறுமத்தை அச்சுறுத்தி உடன்பாட்டுத் தொகை பெறும் நோக்கம் ஆகியனவும் இத்தகைய வழக்குகளைத் தூண்டுவதுண்டு. ஆதலால் பங்குதாரர் முதலில் இயக்குநர் குழுவிடமே வழக்குத் தொடுக்குமாறு கோர வேண்டும், அல்லது அவ்வாறு கோருவது பயனற்றது என்று காட்ட வேண்டும் என டெலவேர் சட்டம் வரையறுத்தது.

இரவாட்டமும் வணிக முடிவு விதியும்

வழக்குத் தொடுக்க வழி பிறந்ததும் அடுத்த வினா எழுகிறது. இயக்குநர் செய்தது தவறு என்று எந்த அளவுகோலைக் கொண்டு கூறுவது? இதற்கு நீதிமன்றங்கள் கண்ட விடையே வணிக முடிவு விதி. இயக்குநர்கள் தக்க செய்திகளை அறிந்து, நல்லெண்ணத்துடன், நிறுமத்தின் நலன் கருதியே முடிவெடுத்தனர் என்பது நீதிமன்றத்தின் தொடக்க அனுமானம். அதனை உடைக்கும் சுமை குற்றஞ்சாட்டுபவரைச் சார்ந்தது. உடைக்க இயலாவிடின், முடிவு அறிவுடையதா அறிவற்றதா என்னும் ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் நுழையாது. 1984 ஆம் ஆண்டின் ஆரன்சன் எதிர் லூயிஸ் தீர்ப்பில் இவ்விதி தெளிவான வடிவம் பெற்றது.

இதன் இயல்பை விளக்க, இல்லினாய் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968 இல் தீர்த்த ஷ்லென்ஸ்கி எதிர் ரிக்லி வழக்கு ஏற்றது. சிகாகோ கப்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் தலைவர் பிலிப் ரிக்லி, தம் ஆடுகளத்தில் மின்விளக்குகள் அமைக்க மறுத்தார். அன்றைய பெரும்பிரிவு அணிகள் இருபதில் பத்தொன்பது அணிகள் இரவாட்டம் நடத்தின. கப்ஸ் அணி மட்டும் நடத்தவில்லை. பேஸ்பால் பகலில் ஆடற்குரியது, இரவாட்டம் சுற்றுப்புறக் குடியிருப்பைக் கெடுக்கும் என்பன ரிக்லியின் எண்ணங்களாகச் சொல்லப்பட்டன. அணி தொடர்ந்து இழப்பில் நடந்தது. சிறுபங்குதாரர் ஒருவர் நிறுமத்தின் சார்பில் வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மோசடி, சட்டமீறல், தன்னல முரண் ஆகியவற்றுள் எதுவும் காட்டப்படாத நிலையில், ரிக்லியின் முடிவு சரியானதா என்று கூறுவது தன் வேலையன்று என்றது. சுற்றுப்புறத்தின் நலம் நெடுங்கால நோக்கில் நிறுமத்தின் நலமும் ஆகலாம் என்பதையும் அது சுட்டியது. ரிக்லி குடும்பத்திடமிருந்து அணி கைமாறிய பின்னர், 1988 ஆகஸ்டு மாதத்தில்தான் அக்களத்தில் விளக்குகள் எரிந்தன. ஆகஸ்டு 8 அன்று தொடங்கிய முதல் இரவாட்டம் மழையால் தடைபட, மறுநாளே முழு ஆட்டம் நடைபெற்றது.

ரிக்லியின் கொள்கை வணிக நோக்கில் பிழை என்று பலரும் கருதலாம். ஆயினும் அப்பிழைக்கு அவர் தண்டம் செலுத்த வேண்டும் என்று கூறத் தயங்குகிறோம். இத்தயக்கத்தின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். துணிந்து செய்யும் எச்செயலிலும் தோல்வி ஒரு கூறாக உள்ளது. தோல்வியைக் குற்றமாக்கினால் துணிவே குற்றமாகிவிடும். நடந்து முடிந்த பின் எல்லார்க்கும் தெளிவாகும் ஒன்று, நடக்குமுன் யார்க்கும் தெளிவாக இருந்ததில்லை. பின்னறிவைக் கொண்டு முன்செயலை அளத்தல் நடுவுநிலைமை ஆகாது.

மேலை அறவியலில் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் 1976 இல் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்தனர். ஒரே அளவு கவனக்குறைவோடு வண்டி ஓட்டிய இருவருள், ஒருவன் வழியில் குழந்தை குறுக்கிடுகிறது, மற்றவன் வழியில் குறுக்கிடுவதில்லை. செயல் ஒன்றே, பழி மட்டும் வேறுபடுகிறது. இந்த ஊழின் பங்கைப் பழியிலிருந்து கூடியவரை பிரித்தெடுக்கும் முயற்சியாக வணிக முடிவு விதியைக் காணலாம். விளைவை விடுத்து முடிவெடுத்த முறையை மட்டும் பார்க்குமாறு அது நீதிபதியைப் பணிக்கிறது.

உசாவாமை என்னும் குற்றம்

முறையைப் பார்ப்பதென்றால் முறைகேட்டையும் பார்க்க வேண்டும். டெலவேர் உச்ச நீதிமன்றம் 1985 இல் தீர்த்த ஸ்மித் எதிர் வான் கார்கம் வழக்கு இதற்குச் சான்றாகும். இது பங்குதாரர்கள் தமக்காகவே தொடுத்த கூட்டு வழக்கு, சார்புரிமை வழக்கன்று. எனினும் வணிக முடிவு விதியின் எல்லையை வரைந்ததில் இதற்கு முதன்மையான இடமுண்டு.

டிரான்ஸ் யூனியன் என்னும் நிறுமத்தின் தலைவர் ஜெரோம் வான் கார்கம், நிறுமத்தைப் பங்கு ஒன்றுக்கு 55 டாலர் விலையில் ஜே பிரிட்ஸ்கர் என்பவருக்கு விற்க ஏற்பாடு செய்தார். சந்தை விலை அப்போது 38 டாலர் அளவில் இருந்தது. 1980 செப்டம்பர் 20 அன்று இயக்குநர் குழு கூடியது. தலைவர் ஏறத்தாழ இருபது நிமிடம் வாய்மொழியாக விளக்கினார். நிறுமத்தின் உண்மை மதிப்பைக் காட்டும் ஆவணம் எதுவும் குழுவின்முன் வைக்கப்படவில்லை. ஒப்பந்தத்தைப் படித்தாராய நேரம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் விற்பனை ஏற்கப்பட்டது. அன்று மாலை சிகாகோ இசைநாடக அரங்கின் பருவத் தொடக்க விருந்தொன்றில் தலைவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

இயக்குநர்கள் கையூட்டுப் பெறவில்லை; தம் நலம் நாடவில்லை. சந்தை விலையினும் மிக உயர்ந்த விலையையே பெற்றுத் தந்தனர். ஆயினும் மூன்று நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்த தீர்ப்பில், அவர்கள் பெருங்கவனக்குறைவு உடையவர் என முடிவாயிற்று. 55 டாலர் என்பது குறைந்த விலை என்று நீதிமன்றம் கூறவில்லை. அது தக்க விலையா என்று உசாவாமல் ஏற்றதே குற்றம் என்றது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்னும் இக்கருத்து தமிழிலக்கிய மாணவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனிடத்துப் பகைமை கொண்டவன் அல்லன். சிலம்பால் தனக்கு ஊதியம் தேடியவனும் அல்லன். தேவியின் ஊடல் தணிக்க விரைந்த பொழுதில் பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆணையிட்டான். உசாவியிருக்க வேண்டிய இடத்தில் உசாவாமை அவன் பிழை. கண்ணகி அவன் அவையில் எழுப்பும் வழக்கும் இனிப் பேச இயலாத ஒருவனுக்காக மற்றொருவர் பேசும் வழக்கே. உயிர்க்கேட்டையும் பொருட்கேட்டையும் ஒருதட்டில் வைத்தல் நம் கருத்தன்று. அதிகாரம் உடையவனின் அறியாமை, அறியும் வாய்ப்பு அவனிடம் இருந்தபோது, குற்றமற்றதாகாது என்னும் ஒரு கூறே இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

குறை உண்டு; கடன் இல்லை

வான் கார்கம் வழக்கு 235 இலட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. இத்தீர்ப்பு இயக்குநர்களிடையே பேரச்சத்தை விளைவித்தது. இழப்பீட்டுக் காப்பீட்டின் விலை ஏறியிருந்த காலம் அது. 1986 இல் டெலவேர் சட்டமன்றம் தன் நிறுமச் சட்டத்தில் புதிய விதியொன்றைச் சேர்த்தது. நிறுமம் விரும்பினால், கவனக்குறைவுக்காக இயக்குநர் பணம் செலுத்தும் பொறுப்பைத் தன் அமைப்பு ஆவணத்தில் நீக்கிவிடலாம் என்பது அவ்விதி. பற்றுறுதி மீறலுக்கும் நல்லெண்ணமின்மைக்கும் இவ்விலக்குப் பொருந்தாது. 2022 இல் இச்சலுகை உயர் அலுவலர்க்கும் ஓரளவு நீட்டிக்கப்பட்டது.

இதன்பின் எழுந்த நிலையை வால்ட் டிஸ்னி நிறும வழக்கு காட்டுகிறது. 1995 இல் தலைமைப் பதவியொன்றில் அமர்த்தப்பட்ட மைக்கேல் ஓவிட்ஸ், பதினான்கு மாதங்களில் விலக்கப்பட்டபோது ஏறத்தாழ 13 கோடி டாலர் பெற்றுச் சென்றார். அவரை அமர்த்தியதிலும் விலக்கியதிலும் குழு போதிய கவனம் செலுத்தவில்லை எனப் பங்குதாரர்கள் நிறுமத்தின் சார்பில் வழக்காடினர். முப்பத்தேழு நாள் விசாரணைக்குப் பின் 2005 இல் சான்சரி நீதிமன்றத் தலைவர் வில்லியம் சாண்ட்லர் தீர்ப்பளித்தார். மேல் நீதிமன்றம் 2006 இல் அதனை உறுதி செய்தது.

அத்தீர்ப்பின் போக்கு இருவகைப்பட்டது. சிறந்த நிருவாக நெறியினின்றும் குழுவினரின், சிறப்பாகத் தலைமை அலுவலர் மைக்கேல் ஐஸ்னரின் நடத்தை பெரிதும் தாழ்ந்தது என்பதை நீதிபதி வெளிப்படையாக எடுத்துரைத்தார். அதே தீர்ப்பில், அவர்கள் சட்டப்படி பொறுப்பாளிகள் அல்லர் என்றும் முடித்தார். குறை உண்டு, கடன் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறியதே அத்தீர்ப்பின் நேர்மை எனலாம். ஒருவனைத் தண்டிக்காமல் விடுதல் வேறு. அவன் செய்தது சரி என்று கூறுதல் வேறு. வணிக முடிவு விதியைப் பற்றிய பல குழப்பங்கள் இவ்வேறுபாட்டை மறப்பதால் எழுகின்றன. வழக்குத் தள்ளப்பட்டதும் தம் முடிவு சரியென்று நீதிமன்றமே ஒப்பியதாக இயக்குநர் கொள்வது, நீதிமன்றம் சொல்லாத சொல்லை அதன் வாயில் இடுவதாகும்.

முடிவே இல்லாத இடம்

முடிவுகளைக் காக்கும் விதி, முடிவே எடுக்கப்படாத இடத்தில் எதனைக் காக்கும்? சான்சரி நீதிமன்றம் 1996 இல் வழங்கிய கேர்மார்க் தீர்ப்பு இவ்வினாவை எழுப்பியது. நிறுமத்துள் நடப்பதைத் தாம் அறிவதற்குரிய ஏற்பாட்டை நல்லெண்ணத்துடன் அமைப்பதும் இயக்குநர் கடமை என்று அது கூறியது. இக்கடமையின் மீறல் பற்றுறுதியின் மீறலே என 2006 இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நெடுங்காலம் ஏட்டளவில் நின்ற இக்கொள்கைக்கு 2019 ஆம் ஆண்டின் மார்ச்சண்ட் எதிர் பார்ன்ஹில் தீர்ப்பு உயிரூட்டியது.

டெக்சாசைச் சேர்ந்த புளூ பெல் பனிக்கூழ் நிறுமத்தின் பண்டங்களில் பரவிய லிஸ்டீரியா கிருமியால் 2015 இல் மூவர் இறந்தனர். பனிக்கூழ் ஒன்றே அந்நிறுமத்தின் வணிகம். உணவின் தூய்மை அதற்கு உயிர்நிலை. ஆயினும் உணவுப் பாதுகாப்பை மேற்பார்வையிட இயக்குநர் குழுவில் துணைக்குழு இல்லை. அதனைக் காலமுறைப்படி ஆராயும் நடைமுறை இல்லை. கூட்டக் குறிப்புகளிலும் அதைப் பற்றிய முறையான கலந்துரையாடல் காணப்படவில்லை என்பது பங்குதாரரின் குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டு விசாரணைக்குரியது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் இரு விமானங்கள் வீழ்ந்து 346 பேர் இறந்ததை ஒட்டிப் போயிங் இயக்குநர்கள்மீது எழுந்த சார்புரிமை வழக்கும் 2021 இல் இவ்வாறே ஏற்கப்பட்டு, அதே ஆண்டில் 2,375 இலட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அத்தொகையைச் செலுத்தியவர்கள் காப்பீட்டாளர்கள். பெற்றது போயிங் நிறுமம்.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். இறந்தவர்கள் இவ்வழக்குகளின் வாதிகள் அல்லர். சார்புரிமை வழக்கு நிறுமத்திற்கு நேர்ந்த இழப்பைப் பற்றியது. பனிக்கூழ் உண்டு இறந்தவரின் சாவு, நிறுமத்தின் விற்பனை முடக்கமாகவும் பண இழப்பாகவும் மாறிய பின்னரே இவ்வழக்கின் கண்ணுக்குப் புலனாகிறது. குடும்பத்தினர் தமக்குரிய இழப்பீட்டை வேறு வழக்குகளில் நாடலாம். ஆனால் குழுவின் கடமை தவறியது என்று கேட்கும் இவ்வழக்கில் அவர்களுக்கு இடமில்லை.

பொறுத்தலின் மூன்று தூண்கள்

இதுகாறும் கண்டவற்றால் வணிக முடிவு விதியின் அற அடிப்படையைத் தொகுத்துக் கூறலாம். அது மூன்று தூண்களின்மீது நிற்கிறது. முதலாவது உசாவுதல். இரண்டாவது தன்னலமின்மை. இவ்விரண்டும் தீர்ப்புகளில் வெளிப்படையாகப் பேசப்படுவன. மூன்றாவது பெரும்பாலும் பேசப்படாமல் உள்ளது. அதுவே இழப்பைச் சுமப்போரின் இசைவு.

கவனக்குறைவால் நோயாளிக்குத் தீங்கிழைத்த மருத்துவர் இழப்பீடு தர வேண்டும். வண்டியோட்டியும் தர வேண்டும். இயக்குநருக்கு மட்டும் ஏன் இத்துணைத் தளர்வு என்று வினவலாம். பங்குதாரர் இடரை அறிந்தே பணமிடுகிறார். இடருக்கு உரிய ஊதியத்தை எதிர்நோக்கியே இடுகிறார். பல நிறுமங்களில் பிரித்திட்டு ஒன்றின் இழப்பை மற்றொன்றின் ஊதியத்தால் நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. இயக்குநர் துணிய வேண்டும் என்பதே அவர் விருப்பம். நோயாளியோ தன் உடலைப் பல மருத்துவர்க்குப் பகிர்ந்தளித்து இடரைக் குறைத்துக்கொள்ள இயலாது என்பது இதற்கு மரபாகத் தரப்படும் விடை.

இவ்விடை ஏற்புடையதே. ஆனால் அது பங்குதாரரைப் பற்றி மட்டும் உண்மையாகிறது. ஒரே ஆலையில் வாழ்நாள் உழைப்பைச் செலுத்திய தொழிலாளி தன் இடரைப் பிரித்திட இயலாது. ஆலைப்புகை சூழ்ந்த ஊரார் அவ்விடருக்கு இசைந்தவர் அல்லர். பனிக்கூழ் வாங்கிய முதியவர் எந்த ஊதியத்தையும் எதிர்நோக்கி அதனை உண்ணவில்லை. தனக்கு நேர்ந்த தீங்கைப் பொறுக்கும் உரிமை ஒருவனுக்கு உண்டு. பிறனுக்கு நேர்ந்ததைப் பொறுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஆகவே பங்குதாரரின் இசைவிலிருந்து பிறந்த பொறுமையை, இசையாதார் சுமக்கும் இழப்பிற்கும் நீட்டித்தல் அறமுறைப்படி பொருந்தாது.

இந்தியச் சூழல்

மேற்கண்ட தூண்கள் சரிவதை இந்தியா சத்யம் கணினி நிறுவன நிகழ்வில் கண்டது. 2008 டிசம்பர் 16 அன்று அதன் இயக்குநர் குழு, மேடாஸ் என்னும் பெயருடைய இரு நிறுமங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் அளித்தது. அவ்விரண்டும் தலைவர் இராமலிங்க இராசுவின் குடும்பத்தோடு தொடர்புடையவை. சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கினால் வருவதே மேடாஸ். முதலீட்டாளர் எதிர்ப்பால் அம்முடிவு சில மணி நேரத்திலேயே கைவிடப்பட்டது. 2009 சனவரி 7 அன்று, கணக்கில் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் அளவிற்குப் பொய்மை உண்டு எனத் தலைவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். மேடாஸ் நிறுமங்களை வாங்கும் முயற்சி, இல்லாத சொத்துகளின் இடத்தை உள்ள சொத்துகளால் நிரப்பும் இறுதி முயற்சி என்பதும் அக்கடிதத்தால் தெரிய வந்தது. குழுவில் பெயர்பெற்ற அறிஞர்கள் இருந்தனர். கற்றோர் அவையில் இருத்தல் மட்டும் உசாவுதல் ஆகாது என்பதற்கு இது சான்று.

அமெரிக்கச் சந்தையில் சத்யம் பங்குகளைப் பெற்றிருந்தோர் கூட்டு வழக்குத் தொடுத்து, 2011 இல் நிறுமத்திடமிருந்து 1,250 இலட்சம் டாலர் உடன்பாடு கண்டனர். அதற்கிணையான வழி இந்தியப் பங்குதாரர்க்கு அன்றைய நிறுமச் சட்டத்தில் இல்லை. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 397, 398 ஆம் பிரிவுகள் ஒடுக்குமுறைக்கும் நிருவாகக் கேட்டிற்கும் எதிரான தீர்வுகளைத் தந்தன. இழந்தோர் பலர் ஒன்றுகூடி இழப்பீடு கோரும் வழியைத் தரவில்லை. 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 245 ஆம் பிரிவு இக்குறையை நிரப்ப வந்தது. 2016 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அதன்படி உறுப்பினர்கள் ஒன்றுகூடித் தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். எனினும் சார்புரிமை வழக்கு என்னும் வடிவத்திற்கு, இங்கிலாந்தின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது போன்ற தனிச்சட்ட வடிவத்தை நம் சட்டம் தரவில்லை.

நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது 166 ஆம் பிரிவு. இயக்குநர் கடமைகளை முதன்முறையாகத் தொகுத்துரைக்கும் இப்பிரிவு, அவர் பங்குதாரர் நலத்தோடு பணியாளர், சமுதாயம் ஆகியோர் நலனையும் சுற்றுச்சூழல் காப்பையும் கருதிச் செயற்பட வேண்டும் என விதிக்கிறது. பங்குதாரரை நடுவாகக் கொண்ட டெலவேர் மரபினும் இது விரிந்த நோக்குடையது. மூன்றாம் தூணின் குறைபாட்டை நம் சட்டமியற்றியோர் உணர்ந்தனர் எனலாம். ஆனால் கடமையைக் கூறிய சட்டம், அக்கடமை தவறியபோது பணியாளரோ ஊராரோ நிறுமத்தின் சார்பில் எழுந்து கேட்கும் உரிமையை வழங்கவில்லை. 245 ஆம் பிரிவின் வாயில் உறுப்பினர்க்கும் வைப்பீட்டாளர்க்கும் மட்டுமே திறந்துள்ளது. கடமை எழுதப்பட்டுள்ளது, கேட்பார் எழுதப்படவில்லை.

நிறைவுரை

இவ்வாய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, இயக்குநரின் முடிவை விளைவைக் கொண்டு அளவாமை அறத்திற்கு மாறானதன்று. ஊழின் பங்கைப் பழியிலிருந்து நீக்கும் நடுவுநிலைமையே அதன் உள்ளீடு. இரண்டு, அப்பொறுமை உசாவியவனுக்கும் தன்னலம் துறந்தவனுக்குமே உரியது. உசாவாதவனும் கண்மூடி இருந்தவனும் அதனைக் கோர இயலாது. மூன்று, இடருக்கு இசைந்தவரின் இழப்பிற்கு மட்டுமே அப்பொறுமை இயல்பாகப் பொருந்தும். இசையாதவர் சுமக்கும் இழப்பில் அதன் அடிப்படை தளர்கிறது.

இதனால் நீதிமன்றங்கள் ஒவ்வொரு வணிகத் தோல்வியையும் தண்டிக்க வேண்டும் என்பது பெறப்படாது. சட்டம் பேசாதிருக்குமிடத்தில் அற வினா முடிந்துவிட்டதாக நாம் கருதலாகாது என்பதே பெறப்படும். டிஸ்னி வழக்கின் நீதிபதி தண்டம் விதியாமலே குறையை எடுத்துரைத்தார். அவ்வாறு எடுத்துரைக்கும் வாய்ப்பை உண்டாக்கியது, தனக்கு வரும் பயன் சிறிதே என்றறிந்தும் வழக்காடிய பங்குதாரரின் வினா. பங்கு எதுவும் இல்லாத பணியாளரும் ஊராரும் அவ்வாறு வினவுவதற்கு எத்தகைய வழி அமைக்கலாம் என்பது நிறுமச் சட்ட அறிஞரும் அறநூல் ஆய்வாளரும் இணைந்து ஆராய வேண்டிய பொருளாகும்.